அடுத்தவர் கால் லிஸ்டை ஏமாற்றி எடுத்தால் 10 வருடம் ஜெயில்: நிஜச் சட்டமா, ஏட்டுச் சுரைக்காயா?

எடிசன்வாசி
நண்பர் ஒருவருக்கு நியூ ஜெர்சியில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. மனைவி யாரோடெல்லாம் பேசுகிறார் என்று காட்டிவிட்டால் கேஸ் நம்ம பக்கம் சாயும் என்று யாரோ மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு பிரைவேட் டிடெக்டிவ், "நம்பரை மட்டும் கொடுங்க, மூணு மாச கால் லிஸ்ட் எடுத்துத் தரேன்" என்கிறாராம். "எடுக்கிறது அவர், நான் காசு மட்டும்தானே கொடுக்கிறேன், எனக்கென்ன வந்தது" என்பது நண்பர் வாதம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். (ஆமாம், "நண்பர்" நிஜமாகவே நண்பர்தான். கிண்டல் வேண்டாம்.)

கோர்ட்டுப்புறா
இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லுங்கள்: காசு கொடுப்பவரும் குற்றவாளிதான். நான் வக்கீல் இல்லை, கலிபோர்னியாவில் ஒரு வக்கீல் ஆபீஸில் பாராலீகல், அதாவது வக்கீலுக்குச் சட்ட உதவியாளர். நண்பர் தன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

சட்டத்தின் பெயர் டெலிபோன் ரெக்கார்ட்ஸ் அண்ட் பிரைவசி ப்ரொடெக்ஷன் ஆக்ட், 2006. புஷ் கையெழுத்துப் போட்டது 2007 ஜனவரி 12. ஃபெடரல் குற்றவியல் தொகுப்பில் 18 யு.எஸ்.சி. 1039 என்று தேடினால் வரும். பொய் சொல்லி ரெக்கார்டை எடுப்பவர், அதை விற்பவர், அதை வாங்குபவர் மூன்று பேரையும் பிடிக்கிறது. மூவருக்கும் உச்ச தண்டனை ஒன்றே: 10 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி ஊழியரிடம் பொய் சொல்வது மட்டுமில்லை. வாடிக்கையாளரிடமே பேசி ஏமாற்றுவது, போலிக் காகிதம் நீட்டுவது, அவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் ஆன்லைனில் நுழைவது எல்லாம் இதில் அடக்கம். முயன்று கிடைக்காமல் போனாலும் விடுதலை இல்லை, முயற்சியே குற்றம்.

உங்கள் நண்பர் படிக்க வேண்டியது வாங்குபவர் பற்றிய உட்பிரிவு. சம்பந்தப்பட்ட வாடிக்கையாளரின் முன் அனுமதி இல்லாமல் வாங்கினாலும் குற்றம். மோசடியாக எடுத்தது என்று தெரிந்து வாங்கினாலும், தெரிந்திருக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம். போன் நம்பரை மட்டும் வைத்து ஒரு டிடெக்டிவ் அடுத்தவர் கால் லிஸ்டை எப்படி நேர்வழியில் கொண்டுவருவார்? "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் ஜட்ஜ் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இதற்கு மேல் ஏற்றமும் உண்டு. 12 மாதத்துக்குள் 50 வாடிக்கையாளருக்கு மேல், அல்லது 1 லட்சம் டாலருக்கு மேல் என்று தொழிலாகவே செய்தால் கூடுதலாக 5 வருடம் வரை. குடும்ப வன்முறைக்கோ, பின்தொடர்ந்து மிரட்டுவதற்கோ, சாட்சியையோ ஜூரியையோ போலீஸ்காரரையோ மிரட்டுவதற்கோ இந்த ரெக்கார்டு உதவும் என்று தெரிந்து செய்தாலும் அப்படியே, இன்னொரு 5.

எடிசன்வாசி
ரொம்ப நன்றி. அப்படியே காப்பி செய்து அனுப்பிவிட்டேன். "அப்போ நேர்வழி என்ன?" என்று கேட்கிறார்.

கோர்ட்டுப்புறா
வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிறது என்றால் அவருடைய வக்கீல் மூலம் முறைப்படி கேட்கலாம், சப்பீனாவுக்கு (ஆவணத்தைக் கொடு என்று கோர்ட் வழியாகப் போகும் உத்தரவு) வழி இருக்கிறது. அது தேவையா, தருவார்களா என்பதை ஜட்ஜ் பார்த்துக்கொள்வார். திருட்டுத்தனமாக எடுத்த லிஸ்டைக் கோர்ட்டில் நீட்டினால் முதல் கேள்வியே "இது எங்கிருந்து வந்தது?" என்றுதான் இருக்கும்.

தேன்சிட்டு
ஒரு பெண்ணாக இந்த இழையைப் படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. சட்டம் 10 வருடம் என்கிறது, சரி. நம் வீடுகளில் பாதிப் பேர் ஃபேமிலி பிளானில் இருக்கிறோம், கணக்கு கணவர் பெயரில். அவர் பில்லைத் திறந்தால் எல்லாமே தெரியும். யாரையும் ஏமாற்றவே வேண்டாம். அந்த நண்பருக்கு டிடெக்டிவ் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. மனைவி தனி இணைப்பு வாங்கிப் பிரிந்துபோயிருக்க வேண்டும், அதனால்தான் இந்தப் பாடு.

இதற்கு 2022 டிசம்பரில் சேஃப் கனெக்ஷன்ஸ் ஆக்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. வீட்டில் வன்முறைக்கு ஆளானவர் கேட்டால், கம்பெனி அவருடைய எண்ணை அந்தக் கூட்டுக் கணக்கிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் பிரித்துத் தரவேண்டும். உதவி மையங்களுக்குச் செய்யும் அழைப்புகள் வாடிக்கையாளர் பார்க்கும் கால் லிஸ்டில் தெரியாமல் மறைக்கவும் எஃப்சிசி (தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஃபெடரல் அமைப்பு) 2023-ல் விதி போட்டது. நம் ஆட்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரிந்த தோழிகளிடம் சொல்லிவையுங்கள்.

தர்க்கராஜா
எல்லாம் சரி. ஒரே கேள்வி: யாராவது 10 வருடம் உள்ளே போனார்களா? 2006-ல் எச்பி கம்ப்யூட்டர் கம்பெனிக்காக ஏமாற்றிக் கால் லிஸ்ட் எடுத்தார்களே, அந்த விவகாரத்தில் கடைசியில் என்ன கிடைத்தது, 96 மணி நேரம் சமூக சேவை! தெருக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பழைய மோடம்
@தர்க்கராஜா, 96 மணி நேரம் உண்மை. ஆனால் அது இந்தச் சட்டத்தின்படி வந்த தண்டனை இல்லை. அப்போது இந்தச் சட்டமே கிடையாது! நான் அந்தக் காலத்தில் சன்னிவேலில் வேறொரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். எங்கள் லஞ்ச் டேபிளில் வாரக்கணக்கில் இதே பேச்சுதான். முழுக்கதையையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 ஜனவரியில் எச்பி போர்டுக்குள் பேசிய திட்டங்கள் சிநெட் செய்தித் தளத்தில் வந்தன. யாரோ டைரக்டர்தான் நிருபரிடம் பேசியிருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்க சேர்மன் பாட்ரிசியா டன் காலத்தில் ஒரு விசாரணை நடந்தது. எச்பி வெளியாளை நியமித்தது. அவர் பாஸ்டனில் டிடெக்டிவ் கம்பெனி வைத்திருந்தவர். அவர் ஃப்ளோரிடாவில் ஒரு கம்பெனியிடம் கொடுத்தார். அவர்கள் கொலராடோவில் இன்னொருவரிடம் கொடுத்தார்கள். கடைசி ஆள்தான் போன் கம்பெனியில் வேறொருவராக நடித்தவர். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருப்பவருக்குக் கை சுத்தம்! டைரக்டர்கள், ஊழியர்கள், ஒன்பது நிருபர்கள் என்று பலருடைய கால் லிஸ்ட் வெளியே வந்தது.

உள்ளே யாருக்கும் தெரியாமலும் இல்லை. எச்பியின் சொந்த விசாரணை அதிகாரி ஒருவர் பிப்ரவரியிலேயே, இது ஒழுங்கீனம், அநேகமாகச் சட்டவிரோதமும்கூட என்று எழுதி நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இன்னொரு மின்னஞ்சல் இதைவிடப் பிரபலம். நிறுவனத்தின் நெறிமுறைப் பிரிவுத் தலைவர் (ஆமாம், நெறிமுறைதான்!) இதெல்லாம் சட்டப்படியா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்கிறார். விளிம்பில்தான் இருக்கிறது, ஆனாலும் சரிதான் என்கிற மாதிரி பதில் வருகிறது. அதற்கு அவர் எழுதியது, நான் கேட்டிருக்கக் கூடாது என்று. அந்த நெறிமுறைத் தலைவரின் பெயர் கெவின் ஹன்சேக்கர், இன்னும் மறக்கவில்லை எனக்கு.

கசியவிட்டவர் ஜார்ஜ் கீவொர்த் என்று மே மாதப் போர்டு கூட்டத்தில் சொன்னார்கள். விசாரித்த விதம் பிடிக்காமல் இன்னொரு டைரக்டர் டாம் பெர்கின்ஸ் அங்கேயே ராஜினாமா செய்து எழுந்து போனார். பிறகு தன் போனும் இதில் சிக்கியதா என்று ஏடி அண்ட் டி-யிடம் கேட்டார். அவருடைய போன் நம்பரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அரசு தரும் அடையாள எண்) கடைசி நான்கு இலக்கத்தையும் வைத்து யாரோ அவர் பெயரில் ஆன்லைன் கணக்கு திறந்திருக்கிறார்கள் என்று ஆகஸ்டில் கடிதம் வந்தது. நான்கு இலக்கம்! அவ்வளவுதான் பூட்டு.

செப்டம்பரில் டன் பதவி விலகினார். 28-ம் தேதி அமெரிக்க காங்கிரஸ் கமிட்டியில் விசாரணை. வரிசையாகப் பத்துப் பேர், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லவேண்டியதில்லை என்கிற ஐந்தாவது அரசியலமைப்புத் திருத்தத்தைச் சொல்லி வாய் திறக்க மறுத்தார்கள். டன் பேசினார், போன் ரெக்கார்டுகள் பொதுவாகவே கிடைக்கும் என்று நினைத்திருந்தேன் என்றார். ஒரு பெரிய கம்பெனியின் சேர்மன் அப்படி நினைத்திருக்க முடியுமா என்று இன்றைக்கும் எங்கள் பழைய கூட்டத்தில் சண்டை ஓயவில்லை. எனக்கென்னவோ, கேட்காமல் இருப்பதில்தான் அவர்கள் எல்லோருக்கும் சௌகரியம் இருந்தது என்று படுகிறது.

அக்டோபரில் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் பில் லாக்கியர் ஐந்து பேர் மேல் ஆளுக்கு நான்கு பெரிய குற்றச்சாட்டு போட்டார். 2007 மார்ச்சில் டன் மேல் இருந்த வழக்கு தள்ளுபடி. மூன்று பேர் சின்னக் குற்றமாகக் குறைத்து 'நோ கான்டெஸ்ட்' (குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை) சொன்னார்கள். அங்கேதான் உங்கள் 96 மணி நேரம் வருகிறது. எச்பி கம்பெனியாக மாநிலத்துக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர் கட்டி சிவில் வழக்கை முடித்துக்கொண்டது.

தர்க்கராஜா
பார்த்தீர்களா! கம்பெனிக்கு அது டீ செலவு. கடைசியில் ஜெயிலுக்குப் போனவர் யார்?

பழைய மோடம்
அதையும் சொல்கிறேன். கொலராடோ ஆசாமி மட்டும். அவர் மேல் ஃபெடரல் வழக்கு தனியாக வந்தது. புஷ் கையெழுத்துப் போட்ட அதே 2007 ஜனவரியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சதி, அடையாளத் திருட்டு என்று பழைய பிரிவுகளில்தான். ஃப்ளோரிடாக்காரர்களுக்கு 2012-ல் ப்ரொபேஷன் (ஜெயில் இல்லாமல் வெளியே கண்காணிப்பு), இவருக்கு 3 மாதம் சிறை. சங்கிலியில் கடைசியில் இருந்தவர், அநேகமாக மிகக் குறைவாகச் சம்பாதித்தவர், கம்பி எண்ணினார்.

கோர்ட்டுப்புறா
புதுச் சட்டத்தை அவர் மேல் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். குற்றம் நடந்தபிறகு எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பின்னோக்கிப் பாய்ச்சக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் எச்பியை வைத்து 1039-ஐ எடைபோட முடியாது.

நெல்லைத்தம்பி
அண்ணே, கொஞ்சம் பின்னாடி போறேன். சட்டம் வர்றதுக்கு முன்னாடி இது குற்றமே இல்லையா? அடுத்தவன் மாதிரி பேசி ஏமாத்தினா சும்மாவே ஃப்ராடு தானே?

கோர்ட்டுப்புறா
நல்ல கேள்வி தம்பி. பேங்க் விவரத்தை இப்படி எடுத்தால் ஃபெடரல் குற்றம் என்று 1999-ல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டத்திலேயே தெளிவாக இருந்தது. போனுக்கு அப்படி நேராக எதுவும் இல்லை. எஃப்டிசி (வணிக மோசடிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) போன்ற அமைப்புகள் நியாயமற்ற வணிகமுறை என்று சிவில் வழக்குதான் போட்டுக்கொண்டிருந்தன. வயர் ஃப்ராடு (போன், இன்டர்நெட் வழி மோசடி), அடையாளத் திருட்டு என்று சுற்றிவளைத்துப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் "இது தடை என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று டிடெக்டிவ்கள் தைரியமாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பழைய மோடம்
தைரியம் என்றால் எப்படிப்பட்ட தைரியம்! வெப்சைட்டில் விலைப்பட்டியலே போட்டிருந்தார்கள். 2006 ஜனவரியில் ஒரு அமெரிக்க வலைப்பதிவர், ஜனாதிபதி தேர்தல் களத்தில் இறங்கிய ஜெனரல் வெஸ்லி கிளார்க்கின் செல்போன் அழைப்புகள் நூறை 89 டாலர் 95 சென்ட்டுக்கு வாங்கிக் காட்டினார். நேட்டோவின் முன்னாள் தளபதி! அதே சமயம் எஃப்.பி.ஐ. சோதனைக்காகத் தன் ஏஜென்ட் ஒருவரின் லிஸ்டையே 160 டாலர் கொடுத்து ஆர்டர் செய்தது. மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டது. இப்போது பீட்சாவே சிலநேரம் அதைவிட லேட்.

எடுத்த விதம் இன்னும் கேவலம். வெரைசன் வயர்லெஸ் 2005-ல் போட்ட வழக்கில் இருக்கிறது. இல்லாத ஒரு "சிறப்புத் தேவைகள் பிரிவி"லிருந்து பேசுகிறோம், வாடிக்கையாளரால் வாய் பேச முடியாது, அவருக்காக நாங்கள் கேட்கிறோம் என்று கால் சென்டர் பெண்ணை நம்பவைப்பார்களாம். பாவம் பார்க்கிற மனசைத்தான் உபயோகித்தார்கள்.

சிரிக்க முடியாத கேஸும் உண்டு. 1999-ல் நியூ ஹாம்ப்ஷயர் நாஷுவாவில் 20 வயதுப் பெண்ணை, பள்ளியில் கூடப் படித்தவன் வேலை செய்யும் இடத்துக்கு வந்து சுட்டுக் கொன்றான். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதை டாக்குசெர்ச் என்ற தகவல் வியாபாரியிடம் 109 டாலருக்கு வாங்கியிருந்தான். அவர்கள் அதைக் கண்டுபிடித்தது பொய் சொல்லி அவளுக்கே போன் போட்டு. அது கால் லிஸ்ட் இல்லைதான், ஆனால் முறை ஒன்றே. கோர்ட்டுப்புறா சொன்ன அந்தக் கூடுதல் 5 வருடம் எதற்கு என்று யோசிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

நெல்லைத்தம்பி
நம்ம ஊர்ல இது பத்தி எதாவது இருக்கா?

மட்டுறுத்துநர்
இழை அமெரிக்கச் சட்டம் பற்றியது, ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்வோம். இந்தியாவில் 2023-ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ம் பிரிவு: சேவை நிறுவனத்தின் தரவை அனுமதியில்லாமல் எடுத்தால் 3 வருடம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "தரவு" என்பதில் கால் ரெக்கார்டும் சேரும் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2013-ல் அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களை எடுத்த விவகாரத்தில் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிளும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானது பலருக்கு நினைவிருக்கும். மேலே பேசினால் தனி இழை திறக்கவும்.

தேன்சிட்டு
அமெரிக்காவுக்கே திரும்பி வருகிறேன். ஏமாற்றுபவனுக்கு 10 வருடம். ஏமாந்து எடுத்துக் கொடுத்த கம்பெனிக்கு? நான்கு இலக்கத்தைக் கேட்டுக் கணக்கையே திறந்துவிட்டவன் மேல் இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லையே?

தர்க்கராஜா
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்க நினைத்தேன். பிரதிநிதிகள் சபையில் 409-க்கு 0 என்று நிறைவேறிய மசோதா அது. யாருக்கும் வலிக்காத மசோதாவுக்குத்தான் எதிர்ப்பு ஓட்டே விழாது. கம்பெனிகளுக்குப் பொறுப்பு சுமத்திய இன்னொரு மசோதா அதே வருடம் எனர்ஜி அண்ட் காமர்ஸ் கமிட்டியில் ஒருமனதாகத் தேறியும் சபை ஓட்டெடுப்புக்கு வராமலே போய்விட்டது. செப்டம்பரில் எச்பிக்காரர்களை உட்காரவைத்துத் திட்டியதும் அதே கமிட்டிதான்! தங்கள் மசோதா எங்கே போனது என்று உறுப்பினர்களே அன்றைக்குக் கேட்டார்கள்.

கோர்ட்டுப்புறா
பாதி ஒத்துக்கொள்கிறேன். 1039 கம்பெனிகளைத் தொடவில்லை, சரி. ஆனால் 2007 ஏப்ரலில் எஃப்சிசி போட்ட உத்தரவு தொட்டது. எபிக் என்ற பிரைவசி அமைப்பு 2005-லேயே மனு கொடுத்து எழுப்பிய விஷயம் அது. அதன்படி, நாம் போன் செய்து கால் விவரம் கேட்டால் பாஸ்வேர்டு சொல்லவேண்டும். இல்லையென்றால் கம்பெனி பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைக்கவேண்டும், அல்லது பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பவேண்டும். பாஸ்வேர்டோ முகவரியோ மாறினால் உடனே வாடிக்கையாளருக்குத் தகவல் போகவேண்டும். இன்றைக்கு "உங்கள் கணக்கில் மாற்றம் செய்யப்பட்டது" என்று மெசேஜ் வந்து நம்மைப் பதறவைப்பதன் பூர்வீகம் இது. விலைப்பட்டியல் போட்ட வெப்சைட்டுகளை மூடவைத்ததில் ஜெயில் பயத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்தப் பாஸ்வேர்டுக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கணிப்பு.

தேன்சிட்டு
பாஸ்வேர்டு வெளியாளைத் தடுக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனை? மெக்சிகோ, கொலம்பியா, பிலிப்பைன்ஸ் கால் சென்டர்களில் ஊழியர்களே வாடிக்கையாளர் விவரத்தை விற்றார்கள் என்று ஏடி அண்ட் டி 2015-ல் எஃப்சிசியிடம் இரண்டரைக் கோடி டாலர் கட்டியது. கிட்டத்தட்ட 2 லட்சத்து 80 ஆயிரம் பேருடைய விவரம். அதிலும் அந்தப் பாழாய்ப்போன கடைசி நான்கு இலக்கம் இருந்தது.

பழைய மோடம்
@தர்க்கராஜா, உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 1039 தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கவேண்டாம். 2024-ல் ஏடி அண்ட் டி வெளியிட்ட திருட்டு நினைவிருக்கிறதா? 2022 மே முதல் அக்டோபர் வரை அவர்களுடைய செல்போன் வாடிக்கையாளர் கிட்டத்தட்ட எல்லோருடைய கால், டெக்ஸ்ட் பதிவுகளும் ஸ்னோஃப்ளேக் மேகக்கணிக் கணக்கிலிருந்து போயின. பேசியது என்ன என்பது இல்லை, யாரோடு என்பது மட்டும். அந்த வருட டிசம்பரில் டெக்சாஸில் ஒரு இளம் ராணுவ வீரரைக் கைது செய்தார்கள். அவர் மேல் போட்ட இரண்டு குற்றச்சாட்டும் ரகசியப் போன் பதிவுகளைச் சட்டவிரோதமாகக் கைமாற்றியது, அதாவது நேராக 1039. 2025 தொடக்கத்தில் இரண்டையும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 10 வருடம். தனியாக மிரட்டிப் பணம் கேட்டது போன்ற குற்றங்களையும் பிறகு ஒப்புக்கொண்டார்.

89 டாலர் வெப்சைட்டுக்காக எழுதிய சட்டம், கோடிக்கணக்கான பேருடைய பதிவு திருடுபோன இடத்தில் வந்து உதவுகிறது. எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தர்க்கராஜா
சட்டம் உயிரோடு இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் சித்திரம் அப்படியேதான் இருக்கிறது பாருங்கள். உள்ளே போவது இருபது இருபத்தொரு வயதுப் பையன். அத்தனை பேர் பதிவையும் குவித்துவைத்துக் காவலைக் கோட்டைவிட்ட இடத்தில் இருந்தவர்களுக்கு ஜெயில் என்ற பேச்சே இல்லை. எச்பியில் கொலராடோ, இங்கே டெக்சாஸ்.

கோர்ட்டுப்புறா
ஜெயில் இல்லை, அபராதம் உண்டு. ஆனால் அதுவும் 2025-ல் ஆட்டம் கண்டது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்ற தகவலை வியாபாரிகளுக்கு விற்றதற்காக எஃப்சிசி 2024 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கு மொத்தம் கிட்டத்தட்ட 20 கோடி டாலர் அபராதம் போட்டது. ஏடி அண்ட் டி பங்கு 5 கோடியே 70 லட்சத்துக்கு மேல். 2025 ஏப்ரலில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜூரி விசாரணை இல்லாமல் ஒரு அரசு அமைப்பு தானே குற்றம் சாட்டித் தானே அபராதம் போட முடியாது என்று. அதே மாதிரி வெரைசன் போட்ட வழக்கில் இரண்டாவது சர்க்யூட் நேரெதிராக, அபராதம் செல்லும் என்றது. ஆக தனி ஆளை உள்ளே தள்ளும் பிரிவில் யாருக்கும் சந்தேகமில்லை, கம்பெனியிடம் காசு வசூலிக்கும் அதிகாரத்தில்தான் 2025-ல் நீதிமன்றங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. இதில் அடுத்த தீர்ப்பு படித்ததும் இங்கேயே போடுகிறேன். @எடிசன்வாசி, நண்பர் அந்த டிடெக்டிவுக்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் முதலில் தன் வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த டிடெக்டிவுக்கு இனி மெசேஜ் எதுவும் அனுப்பவேண்டாம்.